மூன்று கட்டச் சீட்டு

சிறப்பு வகுப்பு டீச்சர் படிவத்தைத் திருப்பி வைத்து, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள். அவளுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. எதிரே உட்கார்ந்திருந்தவளோ பதினொரு வருடமாகத் துணி வெட்டுகிறவள். குறி போட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கத்தி வைப்பவள் இல்லை. பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

மாணவிக்குக் கணக்குப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. அடுத்த பருவம் முதல் வாழ்க்கைத் திறன் வகுப்பு. காரணம் என்ற கட்டத்தில் தலைமை ஆசிரியையின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: மொழித்திறன் போதாமையால் கணக்கு கற்பிக்க இயலவில்லை.

"அந்த வகுப்புல என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

துண்டு மடிப்பது, தட்டு அடுக்குவது, கை கழுவுவது என்று டீச்சர் பட்டியல் சொன்னாள். அவள் மகள் சிட்டு ஐந்து வயதிலிருந்தே துண்டு மடிக்கிறாள். ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாமல் மடிப்பாள். கட்டிங் மாஸ்டர் பெற்ற பெண் வேறு எப்படி மடிப்பாள்? இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தெரிந்ததையே இன்னும் எட்டு வருடம் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் வகுப்பு என்றால், கட்டிப்போட்டு வைப்பதற்கு வேறு பெயர் தேடத்தான் வேண்டும்.

கணக்குத் தேர்வுத் தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். டீச்சர் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். பத்துக் கேள்விகளையும் வாயால் கேட்டு, சிட்டு சொன்னதை டீச்சரே எழுதியிருந்தாள். முதல் ஒன்பதற்கு எதிரே கோடுதான் இருந்தது. பத்தாவது கேள்வி இப்படி: உன்னிடம் எட்டு பிஸ்கட் இருந்தது. உன் தோழிக்கு மூன்று கொடுத்தாய். மீதி எத்தனை? பதில்: கொடுக்கலை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை.

தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டீச்சர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொடுக்கலைதானே டீச்சர்? அவகிட்ட எட்டு பிஸ்கட்டும் கிடையாது, தோழியும் கிடையாது. நீங்க நடக்காததைக் கேட்டீங்க, அவ நடந்ததைச் சொல்லியிருக்கா. இதுல முட்டை யாருக்குப் போடணும்?"

டீச்சர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். படிவத்தைப் பருவ இறுதிக் கூட்டத்துக்குள் கொடுத்தால் போதும், பத்து வாரம் இருக்கிறது என்றாள். கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது என்பதையும், கேட்காமலேயே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

சிட்டுவின் அம்மாவைத் தொழிற்கூடத்தில் மாஸ்டரக்கா என்று கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடையும் மருத்துவமனைச் சீருடையும் தைக்கிற இடம். நூல் பிசிறு வெட்டும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். பழைய மாஸ்டர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட, மேசைமேல் விரித்த துணி விரித்தபடியே கிடந்தது. வேடிக்கை பார்த்தே வேலையைக் கற்றிருந்தவள் கத்தியை எடுத்தாள். பொம்பளை கையில் மின்சாரக் கத்தியா, விரல் போகும் என்று ஆண்கள் சொன்னார்கள். விரல் பத்தும் இருக்கிறது. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, காதிடுக்கில் சாக்பீஸ் துண்டு, நாற்பது மடிப்புத் துணியை ஒரே வீச்சில் வளைத்து வெட்டுவாள். அப்படிச் சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது அவள் வெட்டிக் கொடுப்பதைத்தான் தைக்கிறார்கள்.

சிட்டுவின் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். நல்ல மனிதர். நாள் முழுக்க ஊர்ச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒரே ஒரு குரல் தன்னை அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. அதற்காகவே இரண்டு வருடத்துக்கு முன் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனார்கள். பயிற்சியாளரும் கெட்டவள் இல்லை, கை நிறையப் பட அட்டையும் மனசு நிறைய அக்கறையும் உள்ளவள். சிட்டு எண்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பேச்சு வரும்வரை எண்களை ஒளித்து வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே புகுந்துகொள்வாள் என்றாள்.

ஒளித்து வைத்தவள் தாய்தான். சிட்டு கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு திரிந்த அளவு நாடாவை அலமாரி உச்சியில் வைத்தாள். நாள்காட்டியைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றினாள். சிட்டு மூன்று நாள் வெறும் ஆணியின் முன்னால் நின்று அழுதாள். நான்காம் நாள் நிற்கவில்லை. பழகிவிட்டாள் என்று பயிற்சியாளர் மகிழ்ந்தாள், தாயும் மகிழ்ந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மாஸ்டரக்காவுக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடத்தில் சிட்டு நாற்பது அட்டைச் சொற்கள் கற்றாள். தண்ணீர் வேண்டும். சாப்பாடு வேண்டும். கழிவறை போக வேண்டும். சொல்லச் சொல்லி அப்பா என்றும் இரண்டு தடவை சொன்னாள், அதை நினைத்துப் பேருந்துக்காரர் பேருந்தை நிறுத்திவிட்டு அழுதார் என்று சக ஓட்டுநர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்த நாற்பதில் அதிகம், குறைவு, சமம், இன்னும், மீதி என்று ஒரு சொல்லும் இல்லை. மீதி என்ற சொல்லையே கொடுக்காமல், மீதி எத்தனை என்று கேட்டு முட்டை போட்டிருக்கிறார்கள். படிவத்தோடு வீட்டுக்கு வந்து அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"எல்லாமே வேணும் வேணும்னுதான் இருக்கு பாருங்க. பசிக்கும் தாகத்துக்கும் மட்டும் வாயைத் திறந்தா போதும்னு யாரு முடிவு பண்ணா?" என்று புருஷனைக் கேட்டாள்.

பேசினாலே போதாதா, கணக்கு எதுக்கு என்றார் அவர். நாளைக்குச் சம்பளத்தைச் சிட்டு கையில் எவனாவது குறைத்துக் கொடுத்தால், எத்தனை தாள் குறைகிறது என்று தெரிய வேண்டாமா என்றாள்.

வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் குறுக்கிட்டாள். எல்லாம் அது தலையெழுத்து, பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று பெருமூச்சு விட்டாள்.

"தலையெழுத்துன்னா அது யாரு கையெழுத்துன்னு சொல்லுங்க அண்ணி, நேர்ல போய்ப் பேசிட்டு வரேன். இந்தப் படிவத்துல இருக்கறது தலைமை டீச்சர் கையெழுத்து. அது எனக்குத் தெரியும்."

அளவு நாடா அலமாரியிலிருந்து இறங்கியது. கடிகாரமும் நாள்காட்டியும் சுவருக்குத் திரும்பின. ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பள்ளியில் கேட்ட மாதிரியே வாயால் கேட்டுப் பார்த்தாள். ஐந்தில் இரண்டு போனால் எத்தனை? "எத்தனை" என்று திருப்பிச் சொன்னாள் சிட்டு. மறுபடி கேட்டால் மறுபடியும் அதே. கேட்கக் கேட்கக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

இந்தக் கவலையோடு வேலைக்குப் போனவள், பதினொரு வருடத்தில் செய்யாத தப்பைச் செய்தாள்.

துணியை எல்லா மடிப்பும் மேல்முகமாக விரித்தால், சட்டைக்கை வரைகிற அச்சை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை கவிழ்த்தும் வரைய வேண்டும். அப்போதுதான் இடக்கையும் வலக்கையும் ஜோடியாக விழும். கத்திரி பிடித்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. அன்றைக்கு அவள் இரண்டையும் நேராகவே வரைந்தாள். நாற்பது மடிப்பு, எண்பது கை, எண்பதும் இடக்கை. கட்டிச் சீட்டுப் போட்டு அனுப்பியும் விட்டாள்.

முப்பது இயந்திரம் ஓடுகிற கூடத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டுப் போகும். அதில் மூன்று கட்டம். வெட்டியது, போனது, இருப்பது. தலைப்பு அழிந்துபோன பழைய சீட்டுகளும் உண்டு, ஆனால் எந்தக் கட்டம் எதற்கு என்று எல்லாருக்கும் கை பழகிவிட்டது. கால் மணியில் அவள் அனுப்பிய கட்டு திரும்பி வந்தது. சீட்டின் பின்பக்கம்: இ 80, வ 0. பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தின் மறுகோடியில் சட்டைக்கை தைக்கிறவள் எழுந்து நின்று, தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள். முப்பது பேரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. முதலாளி வந்து பார்த்தார். நாற்பது வலக்கை இப்போது வெட்டு, அடுத்த சுற்றுக்கும் வலக்கை மட்டும் வெட்டு, சரியாகிவிடும் என்று விரலாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டரக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எண்பது, பூஜ்யம், நாற்பது இப்போது, நாற்பது பிறகு. இத்தனை கணக்கும் நடந்து முடிந்திருக்கிறது, ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. மொழி வந்த பிறகுதான் கணக்கு என்கிறார்களே, பதினொரு வருடமாக நாங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

வீட்டுக்குப் போகும்போது ஒரு கட்டு வெற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டை யாரும் விளக்குவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்வார்கள். அதையே வீட்டிலும் செய்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து எட்டுப் பொத்தானை எடுத்து வைத்தாள். முதல் கட்டத்தில் 8 எழுதினாள். மூன்றை டப்பாவில் போட்டாள். நடுக்கட்டத்தில் 3. தரையில் கிடந்ததைத் தொட்டுத் தொட்டு எண்ணி, கடைசிக் கட்டத்தில் 5. கேள்வி கேட்கவில்லை, சிட்டுவைக் கூப்பிடவும் இல்லை. நாடாவை விரலில் சுற்றியபடி சிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பதினோராம் நாள் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: 8, 3, 5.

மாஸ்டரக்கா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லாத குறை. ஐந்து நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஆறாம் நாள் பேருந்துக்காரர், தானும் முயன்று பார்ப்போமே என்று, ஆறு கரண்டியை எடுத்து வைத்து இரண்டைத் தள்ளி வைத்தார். சிட்டு அழகாக எழுதினாள்: 8, 3, 5.

"இது கணக்கு இல்லம்மா. என் வண்டி தடம் மாதிரி, தினமும் அதே ஊர், அதே நிறுத்தம்" என்றார் அவர், வருத்தமாக.

அவர் சொன்னது சரிதான். தப்பு தன்னுடையது என்று அவளுக்கு உடனே புரிந்தது. பதினாறு நாளும் அதே பொத்தான், அதே எட்டு, அதே மூன்று. ஒரே அச்சை வைத்து வெட்டினால் ஒரே அளவுதானே விழும்? எண்பது இடக்கையைப்போல இதுவும் வெட்டியவள் தப்பு, துணியின் தப்பு இல்லை.

மறுநாளிலிருந்து எதுவும் ஒரே மாதிரி இல்லை. துணி காயப்போடும்போது கவ்விகள், வெங்காயம், செருப்பு, அப்பாவின் சட்டைப் பொத்தான். எண்ணும் மாறியது, இடமும் மாறியது. சிட்டுவுக்கு இது பிடிக்கவில்லை. செருப்பில் கணக்கு என்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாமல் சீட்டைக் கிழித்தாள், ஒருநாள் பேனாவையே கடித்து உடைத்தாள். தாய் விட்டுப் பிடித்தாள். அப்பாவும் தரையில் உட்கார்ந்தார். ஐந்தாவது வாரம், கொடியில் ஒன்பது கவ்வி இருக்க நான்கை அவர் உருவியதும், சிட்டு கொடியையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினாள்: 9, 4, 5. இந்தத் தடவை யாரும் குதிக்கவில்லை. கவ்வியை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். 7, 6, 1. அப்போதுதான் குதித்தார்கள்.

அதற்கப்புறம்தான் சொல் வந்தது. மாஸ்டரக்கா கடைசிக் கட்டத்துக்குக் கீழே "மீதி" என்று எழுதினாள். எழுதும்போதெல்லாம் ஒரே ஒரு தடவை வாயாலும் சொன்னாள். ஒன்பதாவது வாரம் ஒரு காலை, தட்டில் இரண்டு இட்லியைச் சாப்பிடாமல் விட்டுவிட்டு அப்பா அவசரமாகக் கிளம்பியபோது, சிட்டு தட்டைக் காட்டி "மீதி" என்றாள். வேண்டும் என்பது இல்லாமல் அவள் தானாகச் சொன்ன முதல் சொல் அது. பேருந்து அன்று ஐந்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.

கூட்டத்துக்குச் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு பேருந்துக்காரரும் விடுப்புப் போட்டு வந்தார். தலைமை ஆசிரியை படிவத்தைக் கேட்டாள். மாஸ்டரக்கா பிஸ்கட் கதையைச் சொல்லி, சீட்டுகளைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினாள். 8, 3, 5 என்று மனப்பாடமாக எழுதிய சீட்டுகளையும் எடுத்து வைத்தாள். அதை ஏன் காட்டுகிறாய் என்று புருஷன் முழங்கையால் இடித்தார். அவள் கவனிக்கவில்லை.

சிறப்பு வகுப்பு டீச்சர் கேட்காமலேயே ஏழு பென்சிலை எடுத்து வைத்து இரண்டைத் தன் பையில் போட்டாள். சிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. திரும்பினாள், எழுதினாள்: 7, 2, 5. அடுத்ததைத் தப்பாக எழுதினாள். அதற்கடுத்தது சரி. மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையின் முகம் மலர்ந்தது. இந்த மாதிரிக் குழந்தைகளில் சில பேருக்குக் கணக்கில் அபார மூளை என்று படித்திருக்கிறேன், இவளும் அப்படியோ என்றாள். அப்படியென்றால் தனிக் கவனம் கொடுக்கலாமாம்.

"இல்லீங்க டீச்சர்" என்றாள் மாஸ்டரக்கா. "அபாரமும் இல்ல, அதிசயமும் இல்ல. மத்த பிள்ளைங்க மாதிரி சுமாராத்தான் போடுறா. சுமாரா போடுற பிள்ளைங்களுக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு உண்டுதானே?"

மலர்ந்த முகம் சுருங்கியது. தேர்வுக் கேள்வியை வாயால் கேட்டால் இவளுக்குப் புரியவில்லையே, கற்பனையாக ஒரு சூழ்நிலை சொன்னால் பிடிபடவில்லையே, பிறகு எப்படிப் பாடம் நடத்துவது என்று கேட்டாள்.

"புரியலைதான். அதைத்தான் சொல்லிக் குடுக்கணும். அதுக்குத்தானே இது பள்ளிக்கூடம். கணக்குக்குன்னு ஒரு பேச்சு இருக்கு, அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கலை. நானும் குடுக்கலை. நாம குடுக்காததுக்கு அவகிட்டேருந்து பாடத்தைப் பறிக்கறது எந்த ஊர் நியாயம்?"

மேசைக்கு அடியிலிருந்து நாடா இழுபடும் சத்தம் கேட்டது. அதுவரை வாய் திறக்காத பேருந்துக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொல்றதுதாங்க எங்க ரெண்டு பேர் முடிவும்" என்றார். பருவத் தொடக்கத்தில் இதே மனிதர் கணக்கு எதுக்கு என்று கேட்டவர்.

மாஸ்டரக்கா பேனாவை எடுத்தாள். பென்சில் குறி போட்ட இடத்தில் "சம்மதமில்லை" என்று எழுதினாள். காரணம் என்ற கட்டம் சிறியது என்பதால் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதினாள்: பொருளை வைத்துக் கேட்க வேண்டும். பதிலை எழுதவும் விட வேண்டும். அதிகம், குறைவு, சமம், மீதி இவற்றைப் பேச்சுப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அடுத்த தேர்வில் மொழிக்குத் தனி மதிப்பெண், கணக்குக்குத் தனி மதிப்பெண். எழுத்து கோணல்தான், நியாயம் நேராக இருந்தது. தலைமை ஆசிரியை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு பருவம் பார்க்கலாம் என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவள் சந்தோஷம் யாருக்கு வேண்டும்?

புதிய பருவத்தில் சிட்டுவின் கால அட்டவணையில் வாரம் நான்கு தடவை கணக்கு என்று இருந்தது. ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பையிலிருந்து தேர்வுத்தாள் வெளியே வந்தது. கணக்கு, பத்துக்கு நாலு. பேருந்துக்காரர் முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு சண்டை போட்டு நாலுதானா என்றார்.

"நாலு பேரோட ஒருத்தியா உக்காந்து நாலு மார்க் வாங்கியிருக்கா. போன தடவை இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாரும் பரீட்சை எழுதினப்போ இவ கையில தாளே குடுக்கலை, வாயாலதான் கேட்டாங்க" என்றாள் அவள்.

பிறகு சிட்டுவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாளை நடுவில் விரித்தாள். எந்த ஆறு தப்பு, ஏன் தப்பு என்று பார்க்க வேண்டும். சிட்டு முதல் தப்பின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தாள். அப்பா விளக்கைப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.